பார்வைக்குத் தப்பிய கட்டிகள்: சிகாகோ கறுப்பினப் பெண்களின் கணக்கு

1980இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மார்பகப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு விகிதம் கறுப்பினப் பெண்களிடமும் வெள்ளையினப் பெண்களிடமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. 2003இல் கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் 68 சதவீதம் கூடுதல். இடையில் நடந்தது என்ன? 1990களில் வெள்ளையினப் பெண்களின் இறப்பு விகிதம் வேகமாகக் குறைந்தது. கறுப்பினப் பெண்களுடையது குறையாமல் நின்றது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் புதிய சிகிச்சைகளும் பரவிய காலம் அது. பலன் ஒரு பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது.

காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன: 'அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை', 'அவர்களின் உடம்பு அப்படி'. நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் அதே பதில்கள்தாம்.

சினாய் நகர்ப்புற நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் ஸ்டீவன் விட்மனும் உடன் ஆய்வாளர்களும் இவற்றை ஏற்கவில்லை. மேமோகிராம் எடுத்துக்கொண்டதாகச் சொன்ன பெண்களின் விகிதம் இரு தரப்பிலும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. தீவிரமான சில புற்றுநோய் வகைகள் கறுப்பினப் பெண்களுக்கு அதிகம் வருவது உண்மை. ஆனால் இருபது ஆண்டுகளில் மரபணு மாறிவிடுமா? நியூயார்க்கில் மட்டும் இடைவெளி ஏன் இவ்வளவு இல்லை?

ஆகவே கேள்வியை மருத்துவமனைகள் பக்கம் திருப்பினார்கள். பரிசோதனை எட்டுகிறதா, அது தரமானதா, சிகிச்சை கிடைக்கிறதா? இதற்காக 2007இல் மருத்துவர்களும் சமூகச் செயல்பாட்டாளர்களும் சேர்ந்த பணிக்குழு ஒன்று உருவானது.

தரம் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. மேமோகிராமில் கட்டி வெள்ளையாகத் தெரியும். அடர்த்தியான மார்பகத் திசுவும் வெள்ளையாகவே தெரியும். இரண்டையும் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். கறுப்பினப் பெண்கள் சென்ற பல மருத்துவமனைகளில் மார்பகப் படங்களுக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லை. எல்லா எக்ஸ்ரேக்களையும் பார்ப்பவரே இதையும் பார்த்தார்.

சட்டம் இல்லாமலில்லை. மேமோகிராம் தரத்துக்கென 1992இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் விதிகளின்படி, ஒரு மையத்தில் படம் எடுத்த பெண்ணுக்குப் பின்னால் புற்றுநோய் வந்தது தெரிந்தால், அவருடைய பழைய படங்களை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். சில கட்டிகள் பழைய படத்தில் எவர் கண்ணுக்கும் தெரியாது. சில, தெரிந்தும் கவனிக்கப்படாதவை. இந்த இரண்டாம் வகைதான் படம் பார்ப்பவருக்குப் பாடம்.

ஆனால் 'தெரிந்தால்' என்ற சொல்லில்தான் ஓட்டை. காப்பீடு இல்லாத பெண், நோய் முற்றி வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தால், முதல் மையத்துக்கு யார் சொல்வது? அவர் அங்கே 'நலம்' என்ற கணக்கிலேயே இருப்பார். தவறவிட்டவர்களுக்குத் தவறவிட்டதே தெரியாது.

பணிக்குழு அந்தக் கணக்கைக் கேட்டது. ஆயிரம் படங்களில் எத்தனை புற்றுநோய் கண்டீர்கள்? மறுபரிசோதனைக்கு அழைத்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? மருத்துவமனைகள் விவரங்களைக் கொடுத்துத் தங்களைத் தரநிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கின. 2009இல் இலினாய் மாநிலச் சட்டம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் மேமோகிராமுக்கான தொகையை உயர்த்த வழி செய்தது. பின்வந்த ஆண்டுகளில் சிகாகோவில் கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் குறைந்தது. இடைவெளி சுருங்கியது, இன்னும் மறையவில்லை.

தோழர்களே, 1972இல் மும்பையில் தலித் பேந்தர் அமைப்பு தன் பெயரை அமெரிக்கக் கறுப்பினப் போராளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அம்மக்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. நம் குடியிருப்புக்குப் பரிசோதனை முகாம் வந்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். முடிவை யார் பார்த்தார், யாரைத் தவறவிட்டார், தவறவிட்டது அவருக்கு எப்படித் தெரியவரும் என்று கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.