அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஒரு மறதிக் கதையும்

'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்பதைத் தட்டினால் பழையது வராது, புதிதாக ஒன்று வைக்கச் சொல்வார்கள். பழையதையே சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்ல முடியாது. அது அவர்களுக்கே தெரியாது.

தெரிந்திருந்த காலமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைக் கட்டினார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எல்லாம் ஒரே கோப்பில், அப்படியே படிக்கும்படி இருந்தன. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்தக் கோப்பை அச்சடித்துத் தரச் சொல்லி துளையட்டையில் வேலை கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை விடிகாலையில் தாளை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் திருட்டு! சில ஆண்டுகள் கழித்து ஒரு குளறுபடியில், அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் மொத்த பாஸ்வேர்டு கோப்பும் உள்ளே நுழைந்த எல்லார் முனையத்திலும் அச்சாகித் தொலைத்தது.

இந்த ஆபத்தைத் தவிர்க்க ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் இயங்குதளத்தில் கையாண்ட வழியை 1979இல் கட்டுரையாக எழுதினார்கள். பாஸ்வேர்டை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, விடையை மட்டும் வைத்துக்கொள்வது. மாவைப் பார்த்து அரிசியை மீட்க முடியாது. நாம் மறுபடி தட்டும்போது அதையும் அரைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். இன்றும் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பிவைக்கும் தளம் இருந்தால், அது அரைக்காமல் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, மறந்துவிட்டதாகச் சொல்பவர் நிஜமாகவே கணக்குக்கு உரியவர்தானா? இதற்கு வங்கிக்காரர்களிடம் பழைய உத்தி ஒன்று இருந்தது. கணக்குத் தொடங்கும்போதே தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் குறித்துக்கொள்வதாக பால்டிமோர் வங்கியாளர் வில்லியம் ஹேடன் 1906இலேயே பேசியிருக்கிறார். இணையதளங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. (இனிஷியலோடு வாழும் நம் அம்மாக்களுக்கு ஏது குடும்பப் பெயர்?) 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாகூ கணக்கை ஒரு மாணவர் திறந்தது இத்தகைய கேள்விகள் வழியாகத்தான். கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்விக்கான பதில் ஊரறிந்த சேதி. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: அமெரிக்கப் பயனர்களில் 40 சதவீதம் பேருக்குத் தாங்கள் கொடுத்த பதிலே நினைவில்லை.

அதனால்தான் மெயிலுக்கு வரும் லிங்க். யூகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவை. ஒருமுறைதான் செல்லும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகும். அதுவும் ஒரு தற்காலிகச் சாவி என்பதால் நல்ல தளங்கள் அதையும் அரைத்தே வைக்கின்றன. 'இந்த முகவரி எங்களிடம் இருந்தால் மெயில் வரும்' என்று பட்டும் படாமலும் சொல்வது, யாருக்கு அங்கே கணக்கு இருக்கிறது என்று வேவு பார்க்க வந்தவர் வெறுங்கையோடு போவதற்காக.