மாஸ்கோவுக்கு ஒரு கோல் தூரம்

போன வாரம் உங்களை மெர்டேக்கா அரங்கின் வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். கோபம்தானே?

மலையூரான திரிங்காப்பில் ஒரு பெரியவருக்கு உங்களைவிட அதிகக் கோபம். சந்தைக்குப் போகும் காய்கறி லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரம், ஓர் ஒட்டுக்கடை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் தே ஓ சொல்லிவிட்டு உட்கார்ந்ததுதான் தாமதம், எதிர் மேசையிலிருந்து குரல் வந்தது.

"ஏன் தம்பி, உள்ளே கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு வாரமா?"

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்ந்தவர். மலேசியாவும் தென்கொரியாவும் மாஸ்கோ ஒலிம்பிக் இடத்துக்காக மோதிய அந்த ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசலில் ஒரே ஒரு வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். மலைக்கு மலை அலைவரிசை தடுமாறும். ஒருவர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பாராம். கை வலித்தால் அடுத்தவர்.

"அது கிடக்கட்டும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்காத ஒண்ணு இருக்கு. நம்ம பையன்கள் அஞ்சு ஆட்டம் ஆடிப் புள்ளி வாங்கித்தானே மேலே வந்தாங்க? அப்புறம் எதுக்கு இன்னொரு ஆட்டம்?"

நல்ல கேள்வி. போன வாரமே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று ஒலிம்பிக் காற்பந்துக்கு ஆசியாவிலிருந்து மூன்றே இடங்கள். உலகம் முழுவதற்குமே பதினாறுதான். ஆசியாவை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். நம் பிரிவில் ஆறு நாடுகள்: மலேசியா, தென்கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை. எல்லா ஆட்டமும் கோலாலம்பூரில். ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் மோத வேண்டும். வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. இன்று போல மூன்று புள்ளி இல்லை. ஆகவே ஒரு சமநிலை அன்று அவ்வளவு மலிவான சரக்கும் இல்லை.

இதுவரை சரி. கிடுக்கிப்பிடி இனிமேல்தான். பட்டியலில் மேலே வந்த இருவரும் மாஸ்கோ போக முடியாது. அந்த இருவரும் மறுபடி ஒருமுறை மோத வேண்டும். அந்த ஓர் ஆட்டத்தில் வென்றவருக்கு மட்டும்தான் பயணச்சீட்டு.

"அப்போ முன்னாடி வாங்கின புள்ளி?"

"செல்லாது ஐயா."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: "கொழுந்து மாதிரி. நேத்து எத்தனை கிலோ பறிச்சாலும் இன்னிக்கு எடைக்கு ஆகாது. இன்னிக்குக் கூடையில என்ன இருக்கோ அதுதான்."

நான் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சரி, உள்ளே போகலாம்.

1980 ஏப்ரல் 6. ஈஸ்டர் ஞாயிறு. மெர்டேக்கா அரங்கம் நிரம்பிவிட்டது. துங்கு விடுதலையை முழங்கிய அதே அரங்கம். அன்று இந்த நாடு எதையாவது சேர்ந்து கத்த வேண்டுமென்றால் அங்கேதான் போகும்.

எதிரே கொரியர்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பில்லை.

ஏன் இருக்கும்? 1964 தோக்கியோவுக்குப் பிறகு அவர்கள் ஒலிம்பிக் காற்பந்துத் திடலை மிதிக்கவே இல்லை. பதினாறு வருடம்! ஆசியாவின் பெரிய தலை என்று பெயர். ஆனால் ஒலிம்பிக் கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தக் கதவை அவர்கள் முகத்தில் அறைந்து சாத்தியவர்களில் நாமும் உண்டு. 1971இல், அவர்களுடைய சொந்த ஊரான சியோலில், அவர்களுடைய சொந்த மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, சையத் அகமதின் ஒரே கோல் அவர்களை வீட்டிலேயே உட்கார வைத்தது. மியூனிக் ஒலிம்பிக்குக்கு விமானம் ஏறியவர்கள் நம்மவர்கள். எம். சந்திரன் தலைமையில் போன அந்தக் குழு அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்று, மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றுத் திரும்பியது உங்களுக்குத் தெரிந்த கதை.

இந்தக் கடனைத் தீர்க்கத்தான் கொரியர்கள் வந்திருந்தார்கள். வட்டியோடு.

நம் பக்கம் பார்ப்போம். தற்காப்பின் நடுவில் சோ சின் ஆன். 'தௌக்கே' என்று கூப்பிட்டால்தான் எல்லாருக்கும் புரியும். மியூனிக் பார்த்த கால்கள். அவருக்குப் பக்கத்தில் சந்தோக் சிங், பாறை. முன்னால் சபாவிலிருந்து கடல் தாண்டி வந்த இரண்டு பேர், ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும். ஹசானுக்கு 'லிப்பாஸ் கூடோங்' என்று பட்டப்பெயர். ஓரிடத்தில் நிற்காமல் விர்ரென்று ஓடுகிறவனை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஜேம்ஸ் அவ்வளவு ஓட மாட்டார். பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பார். ஒருவர் கிளப்பிக் கொடுப்பார், ஒருவர் முடிப்பார். ஒரே மாநிலக் குழுவில் ஆடிப் பழகிய ஜோடி. கண்ணால் பேசிக்கொள்வார்கள்.

கடைசியாக, கோல் கம்பங்களுக்கு நடுவில் ஆர். ஆறுமுகம்.

கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை. நீண்ட கைகள். பத்திரிகைக்காரர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. தோட்டத்துத் திடல்களில் அந்த நாட்களில் எவன் கோல் காவலனாக நின்றாலும் அவன் தன்னை ஆறுமுகம் என்றுதான் நினைத்துக்கொள்வான். பெரியவரும் நின்றிருக்கிறார். "ஒரு கையிலே பந்தைப் பிடிக்கிறேன்னு போயி, இந்த விரல் மடங்கிப் போச்சு" என்று காட்டினார். இன்னும் நேராகவில்லை.

ஆறுமுகத்துக்கு ஒலிம்பிக் புதிது. தௌக்கேயிடம் இருந்தது அவரிடம் இல்லை. இந்த ஒரு ஆட்டம் தாண்டினால் அவருக்கும் கிடைக்கும்.

விசில்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'ஓலா போலா' படம் பார்த்துவிட்டு, "எனக்குக் கதை தெரியும்" என்கிற இளைஞர்களே, கொஞ்சம் பொறுங்கள். 2016இல் வந்த அந்தப் படம் இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிறந்தது. கோல் காவலர் முத்துவைத் திரையில் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் படம் படம்தான். பெரியவரின் பேரன் படம் பார்த்துவிட்டு வந்து தாத்தாவுக்கே கதை சொன்னானாம். "நான் ரேடியோவிலே பார்த்தேன்டா" என்றிருக்கிறார் இவர்.

ரேடியோவில் 'பார்த்தேன்'. அந்தச் சொல்லைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டத்துக்கு வருவோம். பலகையில் ஆளுக்கு ஒரு கோல்.

1-1.

இந்த எண்ணிக்கை யாருக்குச் சாதகம்? காகிதத்தில் யாருக்கும் இல்லை. மனசில்? கொரியர்களுக்கு.

ஏனென்றால் நம்மிடம் ஒரு பழைய காயம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், 1976இல், சியோலில் இதே இரண்டு நாடுகளும் மோதின. மலேசியா 4-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. பார்வையாளர்கள் எழுந்து வீட்டுக்கு நடக்க ஆரம்பித்திருப்பார்கள். அப்போது சா பூம்-குன் என்கிற இளைஞன் ஒரு கோல் போட்டான். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

4-4.

மூன்று கோலையும் ஒருவனே! சில நிமிடங்களில்! அன்றிலிருந்து கொரியாவுக்கு எதிராக எந்த முன்னணியும் முன்னணி இல்லை என்பது நம் ரசிகர்களின் ரத்தத்தில் ஊறிவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சா பூம்-குன் இல்லை. பிராங்க்பர்ட் குழு அவரை விலைக்கு வாங்கியிருந்தது. ஒலிம்பிக் அன்று தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மூடிய கதவு. புலி இல்லாத காடுதான். ஆனாலும் காட்டுக்குள் நடக்கிறவனுக்குப் பயம் போகுமா?

இப்போது ஒரு பந்து ஹசான் சானியின் காலுக்கு வருகிறது.

லயத்து வாசலில் வானொலி கரகரத்தது. பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தவரைப் பார்த்து எல்லாரும் கத்தினார்கள். "அசையாதே!"

ஹசான் ஓடுகிறார். கொரியத் தற்காப்பு பின்வாங்குகிறது. பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை, இவர் ஓட்டம் அப்படி. ஒருவரைத் தாண்டுகிறார். அந்த நொடியில் ஓர் ஆட்டக்காரன் மனசில் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, 'நீயே அடி, பேர் உனக்கு' என்னும். இன்னொன்று, 'அவன் எங்கே?' என்று தேடும்.

ஹசான் தேடினார்.

ஜேம்ஸ் வோங் அங்கே இருந்தார். எப்போதும்போல.

கோல்!

இந்தக் கோலை ஆறுமுகம் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். திடலில் இருந்த பதினொரு மலேசியர்களில் அதை மிகத் தொலைவிலிருந்து பார்த்தவர் அவர்தான். கிட்டத்தட்ட நூறு மீட்டர். மற்ற எல்லாரும் ஜேம்ஸை நோக்கி ஓடலாம், கட்டிக்கொள்ளலாம், மேலே விழுந்து உருளலாம். கோல் காவலனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கட்டிக்கொள்ள ஒரு கம்பம் இருக்கும். அவ்வளவுதான். அதோடு அவனுக்கு இன்னொன்றும் தெரியும். இனிமேல் எல்லாப் பந்தும் தன்னை நோக்கித்தான் வரும்.

2-1.

இப்போது கடிகாரம் நொண்ட ஆரம்பித்தது.

லயத்தில் யாரும் கைதட்டவில்லை என்றார் பெரியவர். கோல் விழுந்ததும் ஒரு கத்தல். அப்புறம் நிசப்தம். "எல்லாருக்கும் அந்த நாலுக்கு நாலு ஞாபகம் வந்திருச்சு தம்பி." முன்னணியில் இருக்கிறவனுடைய பயம், பின்தங்கியவனுடைய பயத்தைவிடப் பெரிது. பின்தங்கியவனுக்கு இழக்க ஒன்றுமில்லை.

கொரியர்கள் வந்தார்கள். பதினாறு வருடப் பசியோடு வந்தார்கள். தௌக்கே, சந்தோக், அவர்களுக்குப் பின்னால் அந்த நீண்ட கைகள். ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். அரங்கத்தில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் இதையெல்லாம் எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. எண்ணிப் பார்த்துப் பெருமைப்படுவது பின்னால் வந்த எங்களைப் போன்ற எழுத்துக்காரர்களின் பழக்கம். அவர்கள் எண்ணியது நிமிடங்களை மட்டும்.

நிமிடங்கள் நகர்ந்தன.

கொரியாவின் இரண்டாவது கோல் விழவில்லை.

விசில்!

மெர்டேக்கா அரங்கம் என்ன சத்தம் போட்டது என்று நான் எழுத வேண்டியதில்லை. திரிங்காப் மலையில் வானொலிப் பெட்டியைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். "அதுக்கப்புறம் அது பாடவே இல்லை" என்றார் பெரியவர். மறுநாள் காலை பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டபோது, நாலைந்து பையன்கள் "ஆறுமுகம், ஐயா!" என்று பதில் சொன்னார்களாம். கங்காணியும் திட்டவில்லையாம்.

அந்த நாளின் உயரம் புரிய ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். அதே 1980இல்தான் ஆசியக் கிண்ணப் போட்டிக்கும் மலேசியா தகுதிபெற்றுக் குவைத் போனது. அதன்பிறகு, உபசரிப்பு நாடாக 2007இல் கிடைத்த இடத்தைத் தவிர்த்துப் பார்த்தால், சொந்தக் காலில் தகுதிபெற 2022 வரை காத்திருந்தோம். நாற்பத்திரண்டு வருடம். அப்படிப் போன குழுவுக்குப் பயிற்சியாளர் ஒரு கொரியர், கிம் பான்-கோன். அந்த ஆசியக் கிண்ணத்தில், 2024 ஜனவரியில் கொரியாவையே எதிர்த்து ஆடி, ஆட்டத்தின் கடைசி மூச்சில் ரோமல் மொராலஸ் போட்ட கோலால் 3-3 என்று சமன் செய்தார்கள். நம் பேரன்கள் அந்தச் சமநிலைக்கே தெருவில் ஆடினார்கள். தாத்தாக்கள் கொரியாவை வென்றிருக்கிறார்கள், தெரியுமா என்று அவர்களிடம் கேளுங்கள்.

சரி. மாஸ்கோவுக்கு இடம் கிடைத்துவிட்டது. மூட்டை கட்ட வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் என் பேனா தயங்குகிறது.

அந்த ஞாயிறு இரவு கோலாலம்பூரில் தூங்காமல் இருந்தவர்கள் நம் ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல. அதற்கு முந்தைய டிசம்பரில் சோவியத் டாங்கிகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. ஜனவரியிலேயே அமெரிக்க அதிபர் கார்ட்டர் கெடு வைத்துவிட்டார்: படை திரும்பாவிட்டால் மாஸ்கோவுக்கு யாரும் போகாதீர்கள். படை திரும்பவில்லை. மெர்டேக்கா அரங்கில் பந்து உருண்டுகொண்டிருந்தபோதே இந்தப் பேச்சு உலகம் முழுக்க உருண்டுகொண்டிருந்தது. ஆடுகிறவன் காதில் அது விழாமலா இருக்கும்? விழுந்திருக்கும். ஆனாலும் ஆடினார்கள்.

ஆறு நாள் போனது.

ஏப்ரல் 12. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். ஒரு மண்டபம். அங்கே பந்து இல்லை, கோல் கம்பம் இல்லை. அமெரிக்க ஒலிம்பிக் குழுவினர் ஓட்டுப் போட உட்கார்ந்தார்கள். எண்ணி முடித்ததும் முடிவு வந்தது: புறக்கணிப்புக்கு ஆதரவாக 1,604. எதிராக 797.

ஆறுமுகத்தைத் தாண்டி இரண்டாவது கோல் போடக் கொரியர்களால் முடியவில்லை. இந்த ஓட்டுகளை அவர் எந்தக் கையால் தடுப்பார்?

கொலராடோவில் எண்ணிய ஓட்டு கோலாலம்பூரில் யார் மேசைக்கு வந்தது? நம் இடத்தில் மாஸ்கோவுக்கு விமானம் ஏறியது எந்த நாடு? அடுத்த வாரம் சொல்கிறேன். திரிங்காப் பெரியவரே, உங்களுக்கு விடை தெரியும். ஒட்டுக்கடையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.