அப்பத்தா கேட்ட கேள்வியும் கடல் தாண்டிய தமிழும்

செமஸ்டர் முடிந்தாச்சு. கணக்குப் பதிவியலுக்கு லீவு விட்டுவிட்டு இன்று கொஞ்சம் வரலாறு பேசுவோம்.

போன வாரம் கம்பத்தில் அப்பத்தா என்னிடம் கேட்டுச்சு: "ஏன்டா, சிங்கப்பூர்ல இருக்கவ எழுதுறதைப் படிக்க முடியுது. இங்க இருக்க நீ அனுப்புறது ஒண்ணும் வெளங்கலையே?"

சித்தப்பா மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர். ஆனால் வாட்ஸ்அப்பில் அப்பத்தாவுக்குத் தமிழ் எழுத்தில் அனுப்புகிறாள். நானோ தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்த அப்பத்தாவுக்கு எப்படிப் புரியும்?

வெட்கமாகப் போய்விட்டது. சரி, இந்தத் தமிழ் எழுத்து கணினிக்கும் செல்போனுக்கும் எப்படி வந்தது என்று தேடினால், வழி நெடுக வெளிநாட்டுத் தமிழர்கள்தான்!

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் செல்போனுக்கான 'செல்லினம்' தந்தவரும் அவரே. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995-ல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். 1997-ல் இணையத் தமிழுக்கான மாநாடும் அங்கேதான் நடந்தது.

அப்போது பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் தலைவலி தீர்ந்தது.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளரான கல்யாணசுந்தரம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் பணியைத் தொடங்கினார். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொரு நாட்டில் ஒருவர் பிழை திருத்துவார். அதன் பெயர் மதுரைத் திட்டம். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு நம்ம பக்கத்து ஊர் பெயர்!

ஏன் அவர்களுக்கு மட்டும் இந்தத் தவிப்பு? எங்க பள்ளத்தாக்கிலும் வெளியூர்ப் பிழைப்பு உண்டு. விடிகாலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பொழுது சாயத் திரும்பி விடுவார்கள். தமிழ் வீட்டிலேயே காத்திருக்கும். கடல் தாண்டியவர்களுக்கு அப்படி இல்லை. பஸ் போர்டிலும் டீக்கடைப் பேச்சிலும் நமக்குச் சும்மா கிடைப்பதை, அவர்கள் முயற்சி செய்துதான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

ஈழத்தமிழர் கதை இன்னும் கனமானது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவை சுமார் 97,000 நூல்கள். 2005-ல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. உள்ளூரில் இருப்பவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து இழுக்கிற தேர் அது. ஊரைப் பார்த்தே இராத பிள்ளை கூட, தாத்தா காலத்துப் பத்திரிகையை அதில் திறந்து படிக்கலாம். "நீ யார்?" என்று யாராவது கேட்டால் சொல்ல அவனுக்கு ஒரு பதில் இருக்கிறது.

காமர்ஸ் மாணவனாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களை ஏற்றுமதி செய்தோம். அவர்கள் நமக்கு எழுத்தைத் திருப்பி அனுப்பினார்கள். வந்த சரக்கைப் பிரிக்காமலே வைத்திருப்பது நான்தான்.

அன்றே செல்போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டேன். "அப்பத்தா, சாப்பிட்டியா? மருந்து போட மரக்காதே" என்று தட்டினேன்.

குரல் பதிவில் பதில் வந்தது: "சாப்புட்டேன்டா. மறக்காதேக்கு பெரிய 'ற' போடணும்!"