ஊரிகம் பங்கு வழக்கு

ஊரிகம் பங்கு வழக்கு: கோலார் தங்கவயலின் ஊரிகம் தங்கச் சுரங்க நிறுவனம் முகமதிப்புக்குக் குறைவாகப் பங்கு வெளியிட்டது செல்லுமா என்பது பற்றி, பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1892-இல் தீர்ப்பளித்த நிறுவனச் சட்ட வழக்கு.

1885-இல் நிறுவனம் பணமின்றித் தத்தளித்தது. 1 பவுன் முகமதிப்புள்ள சாதாரணப் பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்கே, அதாவது முகமதிப்பில் எட்டில் ஒரு பகுதிக்கே போனது. ஆகவே 1 பவுன் முன்னுரிமைப் பங்குகளை வெளியிட்டு, ஒவ்வொன்றிலும் 15 ஷில்லிங் செலுத்தப்பட்டதாகக் கணக்கில் வரவு வைத்து, 5 ஷில்லிங் மட்டும் வசூலித்தனர். பின்னர் நிறுவனம் செழித்தது. சாதாரணப் பங்குதாரர் ரோப்பர் இந்த வெளியீட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஏற்பாடு நேர்மையானது, நிறுவனத்துக்கு நன்மை தந்தது என்று ஏற்றுக்கொண்டபோதும், அது சட்ட அதிகாரத்தை மீறியது, மீதி 15 ஷில்லிங்குக்கும் அந்த முன்னுரிமைப் பங்குகளை வாங்கியவர்களே பொறுப்பு என்று சபை முடிவுசெய்தது. சாதாரணப் பங்கின் சந்தை விலையைப்போல் இருமடங்கு கொடுத்தவர்களுக்கு இது கடுமையான முடிவுதான்.

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சில விலக்குகளுடன், முகமதிப்புக்குக் குறைவாகப் பங்கு வெளியிட இதே தடையை விதிக்கிறது. சந்தையில் பட்டியலிடப்படாத பங்குகளைத் தரகர் வழியே வாங்கும் புதிய முதலீட்டாளர், விலையோடு முகமதிப்பு முழுதும் செலுத்தப்பட்டுள்ளதா என்பதையும் பார்ப்பது அவசியம். பாக்கி இருந்தால் நிறுவனம் அதைப் பின்னர் கேட்கலாம்.