படமும் கைதியும்: செய்தித்துறையின் கேள்விகள் குறித்து

செய்தித்துறை எதனைக் கூறுகின்றது என்பதினும், எக்கேள்வியை முதன்மைப்படுத்துகின்றது என்பதே அதன் வர்க்கச் சார்பைத் துலக்கிக் காட்டுவதாகும். காவலிலிருந்த கைதிகளின் படங்கள் வெளிவந்த வேளைகளை ஆராயும்போது இவ்வுண்மையை நாம் தெளிவாகக் காண்கிறோம்.

2004 ஏப்ரல் 28ஆம் திகதி, ஈராக்கின் அபு கிரைப் சிறைப் படங்களை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பியது. படைத் தலைமையின் வேண்டுகோளுக்கிணங்கி இரு வாரம் தாமதித்த பின்னரே அது அவற்றை வெளியிட்டது. படமெடுத்தோர் காவலிருந்த படையினரே. படங்கள் பொய்யென எவரும் வாதிடவில்லை. ஆயினும் அந்நாட்டு ஏடுகள் பல 'சித்திரவதை' என்னும் சொல்லைத் தவிர்த்தன. கீழ்நிலைப் படையினர் தண்டிக்கப்பட்டனர்; போரை வகுத்தோர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இலங்கையில் விவாதம் வேறு வடிவம் பெற்றது. ஆடை களையப்பட்டு, கைகள் கட்டப்பட்டோர் சுட்டுக் கொல்லப்படும் காணொளியை, 2009 ஆகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. அரசாங்கம் அதனைப் போலியென மறுத்தது. 2010 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், வல்லுநர் ஆய்வின்படி அது உண்மையானதாகவே தோன்றுகின்றதென அறிவித்தார். ஆயினும் 'படம் உண்மையா?' என்ற வினாவே மேலோங்கி நின்றது. 'கட்டுண்டவர் யார்? எவர் பொறுப்பில் இருந்தனர்?' என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன.

அவ்வாறாயின், படத்தின் நம்பகத்தன்மைதான் நீதிக்குத் தடையா? கினிகத்தேனை முதலான மலையக ஊர்களில் வாழ்வோர்க்கு இதற்கு விடை தெரியும். 2000 ஒக்ரோபர் 25ஆம் திகதி, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸார் காவல் நிற்க, 25இற்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகள் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். நிகழ்ச்சியை எவரும் மறுக்கவில்லை. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 அளவில் மேன்முறையீட்டில் அனைவரும் விடுதலையாயினர்.

ஆகவே தடையாக நிற்பது சான்றின் குறைபாடன்று. அதிகார உறவே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களைப் பற்றிப் படமெதுவும் உலகைச் சுற்றி வரவில்லை. படத்தையே நிபந்தனையாகக் கொள்ளும் செய்தித்துறை இத்தகையோரைக் காணாது. படத்தைச் சோதிக்க வேண்டியது அவசியமே. ஆயினும் காவற் பதிவேட்டையும், கட்டளையிட்டோரின் பெயர்களையும் முதலிற் கேட்பதே முற்போக்காளர் கடனென நாம் கருதுகிறோம்.