ஊட்டி மலையேறிய 20 கன்னியர்

கதீட்ரல் சாலையில் உள்ள ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தெரியாதவர் நம்மில் குறைவு. கள்ளிக்குப்பத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி அங்கே படித்துவிட்டு வந்த அம்மாக்கள் நம் குடியிருப்பிலேயே இருப்பார்கள். அதை நடத்தும் எஃப்.எம்.எம். கன்னியர் சபை வெளிநாட்டில் தோன்றி இங்கே வந்ததாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் வேர் மதுரையிலும் ஊட்டியிலும் இருக்கிறது.

ஹெலன் தெ ஷப்போத்தான் 1839-இல் பிரான்சின் நாண்ட் நகரில் வசதியான வீட்டில் பிறந்தவர். முதலில் சேர்ந்த மடத்திலிருந்து உடல்நலக் குறைவால் திரும்பினார். 1864-இல் வேறொரு சபையில் சேர்ந்து ‘பாடுகளின் மரியா’ என்ற துறவறப் பெயரைப் பெற்றார். அடுத்த ஆண்டே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. மதுரைக்கு ரயில் வரப் பத்து ஆண்டு. உள்ளூர்க் கன்னியருக்குப் பயிற்சி தருவதுதான் அங்கே அந்தச் சபைக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. 1867-இல், 28 வயதில், மதுரை, திருச்சி, தூத்துக்குடி மடங்கள் மூன்றுக்கும் அவரே தலைவி. அந்த வயதில் இது பெரிய சுமை.

சபைக்குள் மனக்கசப்பு வளர்ந்தது. 1876-இல் அவரோடு சேர்த்து 20 பேர் சபையை விட்டு விலகினார்கள். கீழ்ப்படிதலையே வார்த்தைப்பாடாகக் கொடுத்தவர்கள் வெளியேறுவது என்றால் சாதாரணமா? சொந்த நாட்டிலும் தலைகுனிவு, இந்த நாட்டிலும் போக்கிடமில்லை. ஊட்டியில் இரண்டு ஆண்டுக்கு முன் தொடங்கியிருந்த மடம் ஒன்றுதான் மிச்சம். அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மலை ரயில் எல்லாம் பிற்பாடு வந்தது. ஊட்டியை அது தொட்டதே 1908-இல்தான். சமவெளியில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியிருந்த சமயம் அது.

பாடுகளின் மரியா நேரே ரோமுக்குப் போய் முறையிட்டார். 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தார்.

அத்தோடு தொல்லை தீரவில்லை. அவர்மேல் புகார்கள் போய், 1883-இல் தலைவி பொறுப்பிலிருந்தே நீக்கப்பட்டார். தான் தொடங்கிய சபையிலேயே! பதின்மூன்றாம் சிங்கராயர் விசாரிக்கச் சொன்னார். குற்றமில்லை என்று முடிவானது. 1884-இல் சகோதரிகள் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்தது அந்த ஓராண்டுதான். இடையில் சபையை உடைத்துக்கொண்டு போகவில்லை, காத்திருந்தார்.

பிறகு சபை வேகமாகப் பரவியது. சீனாவின் தையுவான் நகரில் 1900-இல் பாக்ஸர் கலகத்தின்போது அவருடைய சகோதரிகள் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் அவர் இறந்தபோது சபையில் இருந்தவர்கள் 2,000 பேருக்கு மேல், மடங்கள் 86. பள்ளிக்கூடம், மருந்தகம், தொழுநோயாளர் பராமரிப்பு என்று வேலை விரிந்திருந்தது. 2002-இல் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது.

ஸ்டெல்லா மாரிஸ் தொடங்கியது 1947 ஆகஸ்ட் 15, நாடு விடுதலை பெற்ற அதே நாள். இடம் சாந்தோமில் ஒரு சிறிய மாடிக் கட்டிடம். முதல் வகுப்பில் மாணவிகள் 32 பேர்.