வீட்டுக்காரி எப்போது மனுக்காரி ஆனாள்?

சம்மாந்துறையில் ஒரு கணவனும் மனைவியும் பிரிந்தால் வீட்டை விட்டுப் போவது யார்? வேறு ஊர்களில் இதைக் கேட்டால், பெட்டியோடு தாய்வீட்டுக்குத் திரும்பும் பெண்தான் ஞாபகம் வருவாள். எங்கட பக்கம் கதை வேற. இங்கே போறது மாப்பிள்ளை. ஏனென்றால் வீடு அவளுடையது. உம்மாட வளவில், வாப்பா கட்டிக் கொடுத்த சீதன வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறினவர். உறவு முறிந்தால் உடுப்பை எடுத்துக்கொண்டு அவருடைய உம்மாட வீட்டுக்கோ ராத்தாட வீட்டுக்கோ போவார். புள்ளைகளும் கூரையும் அவளோடு நிற்கும்.

அப்படியென்றால் இன்று புள்ளைகளோடு வாடகை வீடு தேடி அலையும் பெண் எங்கிருந்து வந்தாள்? வீட்டுத்திட்டத்துக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவள், "கிரிப்பில உங்கட பேர் நிக்குது" என்ற பதிலோடு வங்கியிலிருந்து திரும்பி வருபவள், இவளும் இதே ஊர்க்காரிதானே? வீட்டுக்காரியாக இருந்தவள் மனுக்காரி ஆன வரலாற்றைத்தான் நாங்கள் இங்கே பேச நினைக்கிறோம்.

பழைய ஒழுங்கிலிருந்து தொடங்குவோம். கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி தாய்வழியாக வருவது. உம்மா எந்தக் குடியோ புள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார் என்ற முறையும் இதன்மேல்தான் நின்றது. மட்டக்களப்புப் பகுதியின் பழைய முக்குவர் சட்டத்தில் முதுசச் சொத்து பெண்வழியாக இறங்கியது. 1876இல் சி. பிரிட்டோ அதைப் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை ஓரங்கட்டியது. சட்டம் போனது, வழக்கம் போகவில்லை. அக்கரைப்பற்றில் பல தசாப்தங்களாக ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, மகளுக்கு வீடு சீதனமாகப் போவதையும் மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறுவதையும் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இது எங்கட கரைக்கு மட்டும் உரிய புதினமும் இல்லை. தமிழ்நாட்டில் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான். சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடமும் தாய்வீடு பெண்வழியில்தான் போகிறது. "மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு எண்டுதானே மார்க்கம் சொல்லுது?" என்று யாராவது கேட்கலாம். அது ஒருவர் மவுத்தான பிறகு பிரிக்கிற கணக்கு. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைத்தான் பேசுகிறது. சீதன வீடோ வாப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுப்பது. பங்கு பிரிக்கிற நேரம் வரும்போது அந்த வீடு அவருடைய சொத்துக் கணக்கிலேயே இருக்காது.

இதை வைத்துப் பெருமையடிக்க நாங்கள் வரவில்லை. அந்த வீட்டுக்கு யாரோ விலை கொடுத்தார்கள். வீட்டில் மூன்று கொமர் இருந்தால் மூன்று வீடு கட்ட வேணும். வாப்பா வயலை விற்பார். காக்கா தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார். பிறகு மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியதும், உம்மாவோ ராத்தாவோ அங்கே போய் இன்னொருவரின் வீட்டைக் கூட்டித் துடைத்து இங்கே கல்வீடு எழுப்பினார்கள். வீடில்லாத கொமருக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்த அதே வீடு, அவளுக்குப் போட்ட விலையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடு ஓடுவதற்குக் காணி வேண்டும். ஒரு வளவு இரண்டாகும், நாலாகும், அதற்கு மேல் கிணற்றடியைத்தான் பிரிக்கணும். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு நகர்வதும் வழக்கம். இப்போது தனியாகப் புள்ளை வளர்க்கும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடு மூத்தவளுக்குப் போய்விடும். இளையவளுக்கு எங்கே? தனக்கு எங்கே? வாப்பாவும் காக்காமாரும் சேர்ந்து தூக்கிய சுமை இப்போது அவள் ஒருத்தியின் தலையில்.

வயலோ மேட்டுக்காணியோ அரச காணியாக இருந்தால் இன்னொரு சிக்கல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுவது பொமிட், அதாவது அனுமதிப்பத்திரம். அதை நினைத்தபடி கூறுபோடவோ விற்கவோ முடியாது. பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாவிட்டால், அந்தச் சட்டத்தின் வரிசையில் மகனுக்குப் பிறகுதான் மகள். தாய்வழியில் வீடு போகும் ஊரில், அரசாங்கத்தின் கடதாசி ஆண்வழியில் போனது. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த முன்னுரிமையை நீக்கியது. இடையில் ஓடியது 87 வருடம்.

வீடு பெண்ணுக்கு என்று ஊரே சொன்னாலும், உறுதியில் யார் பெயர் என்பதுதான் பிரிவு நேரத்தில் பேசும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி மனைவி கைக்கூலியைத் திருப்பிக் கேட்கலாம், காதியார் அதை விசாரிக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் கைக்கூலி என்பது காசும் அசையும் சொத்தும்தான். வீடும் வளவும் அதற்குள் வராது. மருமகன் மனம் கோணக்கூடாது என்று அவர் பெயரையும் சேர்த்து உறுதி எழுதியிருந்தால், வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போகும், காலமும் காசும் போகும். தாபரிப்புப் பணத்துக்கே ஏறி இறங்கும் ஒருத்தி அந்த வழக்கை எப்படி நடத்துவாள்?

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே கொண்டுவந்தது. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000 பேருக்கு மேல். சம்மாந்துறை கடலிலிருந்து உள்ளே தள்ளி வயலோடு இருக்கும் ஊர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுக்க அடிபட்டது. கரையில் இடிந்த வீடுகளில் எத்தனையோ, பெண்களின் சீதன வீடுகள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் சொன்னது. பழைய வளவுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு வேறிடத்தில் வீடு கொடுக்கும் திட்டம் வந்தது.

அந்த வீட்டுக்கான படிவம் கேட்டது: குடும்பத் தலைவர் யார்? பெரும்பாலும் புருசன் பெயர்தான் எழுதப்பட்டது. மனைவியின் பெயரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, கணவனின் பெயரில் இன்னொரு வீடு வந்தது. பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுக் குரல் கொடுத்தன. ஊரில் யாரும் கூட்டம் போட்டு, "இனி வீடு ஆம்பிளைக்கு" என்று முடிவெடுக்கவில்லை. ஒரு படிவத்தின் ஒரு கோடு அதைச் செய்தது. கட்டி முடித்த வீடெல்லாம் உடனே ஆட்களுக்குக் கிடைத்ததும் இல்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கி, வருடக்கணக்காகப் பற்றை மூடிக் கிடந்தன.

அடுத்தது கடன். யுத்தத்துக்குப் பிறகு வடக்கு, கிழக்கு முழுக்க நுண்கடன் கம்பனிகள் இறங்கின. உறுதி வேண்டாம், அடகு வேண்டாம், நாலைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும், கிழமைக்குக் கிழமை கட்டணும். காணி உறுதி இல்லாத பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். அதனால்தான் அவள் அதற்குள் போனாள், கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமல் நின்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் சிங்களப் பெண்கள். கதை மட்டும் எங்கட உம்மாமாரின் கதைதான்.

கட்டாத தவணை கடன் தகவல் பணியகத்தில், ஊர்ப்பேச்சில் "கிரிப்"பில், பதிவாகிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நிறுவனம் அது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கிரிப் கறுப்புப் பட்டியல் வைப்பதில்லை. யார் எவ்வளவு வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிகிறது. கடன் கொடுப்பதா என்று முடிவெடுப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். ஆனால் வீட்டுக் கடன் கேட்டு நிற்கும் தனித் தாயின் கையில் உறுதி இல்லை, நிலையான சம்பளத் துண்டு இல்லை, பிணைக்கு வரும் ஆள் இல்லை. அந்த அறிக்கை கடைசிக் கதவையும் சாத்துகிறது.

வேறு வழியே இல்லையா? பங்களாதேசில் கிராமின் வங்கி 1984இல் வீட்டுக் கடன் தொடங்கியபோது ஒரு நிபந்தனை வைத்தது: வீடு நிற்கும் காணி கடன் வாங்கும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். பல கணவன்மார் காணியை மனைவி பெயருக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் கடன் கிடைத்தது. 1989இல் அந்தத் திட்டத்துக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. நுண்கடனின் மற்றப் பக்கத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நிபந்தனை, பிரிவு நேரத்தில் பெண் தெருவுக்கு வராமல் காத்தது. அங்கே வங்கி புதிதாகக் கொண்டுவந்ததை இந்தக் கரை வழக்கமாகவே வைத்திருந்தது. எங்களிடம் இருந்ததைப் படிவமும் பொமிட்டும் தவணைக் கொப்பியும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன.

அதனால் சீதனத்தைத் திரும்பக் கொண்டுவாங்கோ என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சுமையில் இன்னொரு தலைமுறை நசுங்க வேண்டாம். வழக்கத்துக்குள் இருந்த நியாயத்தை மட்டும் பிரித்தெடுப்போம்: புள்ளைகளை வளர்ப்பவளின் பெயரில் கூரை இருக்க வேண்டும். வீட்டுத்திட்டம் கொடுப்பவர்கள் குடும்பத் தலைவர் என்ற கேள்விக்கு முதல் இதைக் கேட்கட்டும். பள்ளிவாசலிலும் ஸகாத் நிதியிலும் வீடு கட்டிக் கொடுப்பவர்கள் உறுதியையும் அவள் பெயரில் முடித்துக் கொடுக்கட்டும்.

இதை வாசிக்கிற தம்பி, தங்கச்சி, நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலைதான். இந்தக் கிழமை உங்கட வீட்டு உறுதியையோ பொமிட்டையோ அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்துப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது? உம்மாவுக்கு அது தெரியுமா?